பாரிஸ் பி.எஸ்.ஜி. ரக்பி லீக் கிளப், 1996–97: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்.ஜி. கால்பந்து கிளப்தானே? அதில் ரக்பி எங்கிருந்து வந்தது?

பி.எஸ்.ஜி. என்ற பாரிஸ் சான்-ஜெர்மான் கால்பந்து கிளப்தான். ஆனால் 1991-ல் கனால் பிளஸ் தொலைக்காட்சி நிறுவனம் அதைக் கையில் எடுத்த பிறகு, ஒரே பெயரின் கீழ் பல விளையாட்டுகளைச் சேர்க்கும் முயற்சி நடந்தது. கூடைப்பந்து, ஹேண்ட்பால் என்று அணிகள் வந்தன. கூடைப்பந்து அணி 1997-ல் பிரெஞ்சு சாம்பியன் பட்டம்கூட வாங்கியது. அந்த வரிசையில் வந்ததுதான் ரக்பி லீக் அணி. 1996 மார்ச்சில், பெரும்பாலும் ஆங்கில அணிகள் ஆடும் சூப்பர் லீகில் களமிறங்கியது, 1997 சீசன் முடிந்ததும் கடையைக் கட்டியது. கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பை வென்றவர் கோப்பையைத் தூக்கியது 1996 மே மாதம். ரக்பி லீக் அணி பட்டியலின் அடியில் திணறிக்கொண்டிருந்ததும் அதே வசந்தத்தில்தான்.

ரக்பி லீக்கும் நாம் டிவியில் பார்க்கும் ரக்பியும் ஒன்றில்லையா?

இல்லை. உலகக் கோப்பை என்றதும் பலருக்கு நினைவு வருவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். 1895-ல் வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்துபோய் ஆரம்பித்தது இது. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த ஆட்டக்காரர், ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்பதுதான் சண்டை.

பார்வைக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தினால் அவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டி, ஆட்டத்தைத் தொடர்வான். கபடியில் பிடிபட்டால் வெளியே போக வேண்டும். இங்கே ஆறு பிடிகள்வரை அனுமதி, ஆறாவதில் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றும் டிரைக்கு 4 புள்ளி, அதைத் தொடரும் உதைக்கு 2, பெனால்டி உதைக்கு 2, பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோலுக்கு 1.

இந்தக் கிளப்பைப் புரிந்துகொள்ள இதில் ஒரு விஷயம் முக்கியம். ஓய்வில்லாமல் தடுப்பதும் மோதுவதுமான ஆட்டம் இது. முன்வரிசைக்காரர் ஒருவர் 80 நிமிடம் ஆடினால், உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப ஐந்தாறு நாள் ஆகும்.

இங்கிலாந்து லீகில் பிரெஞ்சு அணிக்கு என்ன வேலை?

டிவி பணம். 1995 ஏப்ரலில் ஊடக முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் ஐரோப்பிய சூப்பர் லீக் ஒன்றுக்குப் பணம் தர முன்வந்தது. பேச்சு முடிந்தபோது தொகை ஐந்தாண்டுக்கு 8.7 கோடி பவுண்டு. பதிலுக்கு இரண்டு நிபந்தனைகள்: ஆட்டம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற வேண்டும், வட இங்கிலாந்துக்கு வெளியேயும் போக வேண்டும்.

முதல் திட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர் கிளப்புகளை ஒன்றாக்கும் யோசனையும் இருந்தது. காசல்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டோன் மூன்றையும் சேர்த்து ஒரே அணி என்றார்கள். நூறாண்டுப் பகையை ஒரே ஜெர்சிக்குள் அடைக்க முடியுமா? ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் அந்த யோசனை போயிற்று. பாரிஸ் யோசனை மட்டும் தப்பியது. அதை எதிர்த்துக் கத்த பாரிஸில் ஆளில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை அங்கேதான் என்பது எங்கள் கருத்து. ஊர்க்காரர் கேட்டு வந்த கிளப் அல்ல இது. அட்டவணையில் ஓர் இடம் காலியாக இருந்ததால் வந்த கிளப்.

பிரான்சுக்கு இந்த ஆட்டம் புதிதா?

புதிதே இல்லை. 1933 டிசம்பர் 31 அன்று பாரிஸின் பெர்ஷிங் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் காட்சி ஆட்டம் ஆடின. 1934-ல் ழான் காலியா முன்னின்று பிரெஞ்சு லீகை ஆரம்பித்தார். சில வருடங்களிலேயே யூனியன்காரர்கள் கவலைப்படும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு போர் வந்தது. ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு 1941 டிசம்பர் 19-ல் ஆணை போட்டு, இந்த அமைப்பைக் கலைத்துச் சொத்தையும் பறித்தது.

போருக்குப் பிறகு ஆட்டம் மீண்டது. 1951-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் தொடரையே வென்றது பிரெஞ்சு அணி. ஆனாலும் 'ரக்பி' என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமை கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கம்வரை 'பதின்மூவர் ஆட்டம்' என்ற பெயரிலேயே காலம் தள்ளினார்கள். வேர் இருந்ததெல்லாம் தெற்கே: கார்கசோன், பெர்ப்பினியான், லிமூ, வில்நெவ்-சுர்-லோ. பாரிஸில் அல்ல.

கிளப்பை ஆரம்பித்தவர் யார்?

முகமாக நின்றவர் ழாக் ஃபுரூ. விந்தையாக, அவர் யூனியன் ஆள். 1977-ல் ஐந்து நாடுகள் போட்டியில் அதே 15 பேரை வைத்தே நான்கு ஆட்டத்தையும் வென்ற பிரெஞ்சு அணிக்குக் கேப்டன், பிறகு தேசியப் பயிற்சியாளர். ஆள் குள்ளம், குரல் பெரிது. 'குட்டிக் கார்ப்பரல்' என்று பட்டப்பெயர். யூனியன் நிர்வாகத்தோடு முறைத்துக்கொண்டு லீக் பக்கம் வந்தார், 1995 கோடையில் பிரான்சிலேயே ஒரு கோடைப் போட்டியை நடத்திப் பார்த்தார். அந்த அனுபவத்தோடு பாரிஸ் கிளப்பின் தலைவரானார். களத்தில் அணிக்குப் பயிற்சியாளர் மிஷெல் மசாரே, கேப்டன் பியேர் ஷமோரன்.

முதல் ஆட்டம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய நிகழ்ச்சியா?

ஆம். 1996 மார்ச் 29, வெள்ளிக்கிழமை இரவு. சூப்பர் லீக் என்ற போட்டியின் முதல் ஆட்டமே அதுதான். ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் தொடங்க இருந்த போட்டியை நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்ததால், அன்றைக்கு உலகத்திலேயே நடந்த ஒரே சூப்பர் லீக் ஆட்டம் பாரிஸில் நடந்தது. எதிரணி ஷெஃபீல்டு ஈகிள்ஸ். இடம் சார்லெட்டி மைதானம், ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். வந்தவர்கள் 17,873. பாரிஸ் 30–24 என்று ஜெயித்தது. சூப்பர் லீக் வரலாற்றின் முதல் டிரையைப் போட்டவரும் பாரிஸ் ஆட்டக்காரர், ஃப்ரெடெரிக் பாங்கே.

சார்லெட்டி இருப்பது பாரிஸின் 13-வது வட்டாரத்தில். பதின்மூவர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடையாது. ஆனால் அது தடகள மைதானம். ஓட்டப்பாதை சுற்றிவர இருப்பதால் முதல் வரிசைக்காரருக்கும் ஆட்டக்களத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. எலும்பு மோதும் சத்தம் காதில் விழுவதுதான் லீக் பார்க்கப் போவதன் சுகமே. அது அங்கே பாதிதான் கிடைக்கும்.

அணியில் பாரிஸ்காரர் எத்தனை பேர்?

கிளப் மூடியதற்கான காரணம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முதல் ஆண்டு அணியின் முதுகெலும்பு தெற்கத்திக்காரர்கள். கூட ஆஸ்திரேலியர் முதலான வெளிநாட்டார் சிலர். பெர்ப்பினியானிலிருந்து பாரிஸ் சாலைவழியாக ஏறக்குறைய 850 கிலோமீட்டர்.

தூரம்கூடச் சமாளிக்கலாம். காலண்டரைத்தான் சமாளிக்க முடியவில்லை. சூப்பர் லீக் மார்ச்சில் தொடங்கி இலையுதிர்காலம் எட்டும்வரை. பிரெஞ்சு உள்நாட்டுச் சாம்பியன்ஷிப்போ பழைய வழக்கப்படி இலையுதிர்காலத்தில் தொடங்கி, வசந்தம் முடியும்போது இறுதிக் கட்டத்துக்கு வரும். ஆக, இரண்டும் மோதுவது எந்த மாதங்களில்? ஊர் கிளப்புக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அதே மாதங்களில். எந்த ஊர் கிளப் தன் நல்ல ஆட்டக்காரனை அப்போது விட்டுக்கொடுக்கும்?

விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் இரண்டுக்கும் ஆடினார்கள். வார இறுதியில் இங்கிலாந்து அணி ஒன்றோடு மோத வேண்டும்; ஒட்டியே ஊர் கிளப்புக்காகவும் இறங்க வேண்டும். எதிரே நின்ற விகனும் செயின்ட் ஹெலன்ஸும் முழுநேரச் சம்பளக்காரர்கள்: திங்கள் நீச்சல்குளம், செவ்வாய் எடைப் பயிற்சி, புதன் களப் பயிற்சி என்று வாரம் முழுக்க அடுத்த ஆட்டத்துக்காகவே கழிப்பவர்கள். ஐந்தாறு நாள் ஓய்வெடுத்த உடம்போடு ஓய்வே இல்லாத உடம்பு மோதினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டுப் பட்டியல் காட்டுகிறது. முதல் அரை மணி நேரம் ஈடுகொடுப்பதும் கடைசி இருபது நிமிடத்தில் தடுப்பு உடைவதும் களைத்த அணிக்கே உரிய அறிகுறிகள்.

இன்னொன்று, ஆறு பிடி ஆட்டத்தில் தடுப்புச் சுவர் ஒரே கோடாக முன்னேற வேண்டும். ஒருவர் ஓரடி பிந்தினாலும் இடைவெளி. அந்த ஒழுங்கு சேர்ந்து பயிற்சி செய்தால்தான் வரும். அவரவர் ஊரிலிருந்து வந்து கூடும் அணிக்கு அது எப்படி வரும்?

1996 சீசன் கணக்கு என்ன?

12 அணிகள், ஒவ்வொன்றோடும் இருமுறை, ஆக 22 ஆட்டம். பாரிஸ் வென்றது 3, சமன் 1, தோற்றது 18. வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்ற கணக்கில் 7 புள்ளி, 11-வது இடம். ஆட்டங்களில் எடுத்த புள்ளி 398, கொடுத்தது 795. அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாக 36 விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி இடம் 5 புள்ளியோடு வொர்க்கிங்டன் டவுனுக்கு. கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது அவர்கள்தான், பாரிஸ் நூலிழையில் தப்பியது. ஓரங்களில் பாஸ்கால் பொமாட்டி போன்றவர்கள் நன்றாகவே ஓடினார்கள். பந்து அவர்கள்வரை போய்ச் சேரவேண்டுமே.

கூட்டம் வராததால்தான் மூடினார்கள் என்கிறார்களே?

தவறு. 1996-ல் பாரிஸின் சொந்த மைதானச் சராசரி ஏறக்குறைய 8,000. முதல் நாளின் 17,873-ஐக் கழித்துவிட்டு மற்ற 10 ஆட்டங்களுக்குக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய 7,000 வருகிறது. அப்போது ஆங்கில கிளப்புகள் பலவற்றுக்கு அவ்வளவு வரவில்லை. கூட்டம் தேய்ந்தது இரண்டாம் ஆண்டில், தோல்விகளைப் பார்த்து அலுத்தபின். அது விளைவு, காரணமல்ல.

1997-ல் என்ன மாற்றினார்கள்?

ஊர் கிளப்போடு பங்குபோடும் தொல்லையை ஒரேயடியாகத் தீர்த்தார்கள்: பிரெஞ்சுக்காரரைக் குறைத்து, ஆஸ்திரேலியரை நிரப்பினார்கள். பயிற்சியாளரும் ஆஸ்திரேலியர், பீட்டர் மல்ஹாலண்ட். சீசன் நடுவில் அவர் போய் ஆண்டி குட்வே வந்தார். அதே ஆண்டு அவர் கிரேட் பிரிட்டன் அணிக்கும் பயிற்சியாளர்.

களத்தில் பலன் தெரிந்தது. வெற்றி 3 என்பது 6 ஆயிற்று, தோல்வி 16, புள்ளி 12. தடுப்பும் இறுகியது. இடம் மட்டும் மறுபடி 11. இந்த முறை கடைசி ஓல்டாம்.

ஆனால் பாரிஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, பாரிஸ்காரரும் இல்லாமல் தெற்கத்திக்காரரும் இல்லாமல் நின்றது அணி. முதல் ஆண்டாவது கார்கசோனில் ஒரு குடும்பம் பையன் ஆடுகிறான் என்று டிவி போட்டுப் பார்த்திருக்கும்.

சுற்றுலா விசா விவகாரம் என்ன?

1997-ல் ஆடிய ஆஸ்திரேலியர்களில் பலர் வேலை அனுமதியோடு அல்ல, சுற்றுலா விசாவில் பிரான்சில் இருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது.

இது ஏன் பெரிய சிக்கல்? பிரான்சில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு வேலை அனுமதி. அன்றைக்கு ஓர் ஆங்கிலேயருக்கு அது தேவைப்படவில்லை, ஆஸ்திரேலியருக்குத் தேவைப்பட்டது. அடுத்து, சம்பளத்தின்மேல் முதலாளி கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு. பிரான்சில் இது சில்லறைத் தொகை அல்ல. ஆட்டக்காரர் கைக்குப் போவதோடு இதையும் கூட்டினால் கிளப்பின் செலவு வெகுவாக ஏறிவிடும். மூன்றாவது, வருமான வரி. சுற்றுலாப் பயணியாகப் பதிவானவர் சட்டப்படி வேலையே செய்யவில்லை, ஆகவே இந்த மூன்றும் கணக்கில் வராது.

மாதாமாதம் பார்க்க மிச்சம் மாதிரி தெரியும். உண்மையில் அது கடன். அதிகாரிகள் கேட்கும் நாளில் பாக்கி, அபராதம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஆட்டக்காரருக்கும் ஆபத்து: பங்களிப்பு கட்டாதவர் தோள்பட்டை கழன்று ஆறு மாதம் படுத்தால், அந்த நாட்டுக் காப்பீட்டில் அவருக்குக் கணக்கே இருக்காது. மோதுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது சின்ன விஷயமா?

விவகாரம் கிளம்பியபின் கிளப்பைக் காப்பாற்ற யாரும் பெரிதாக ஆசைப்படவில்லை. 1997 முடிவில் கதவு சாத்தப்பட்டது.

மொத்தத்தில் எது கொன்றது: பணமா, தோல்வியா, விசாவா?

மூன்றும் ஒரே நோயின் வேறு வேறு அறிகுறிகள். கிளப்புக்கு மைதானம் இருந்தது, பெயர் இருந்தது, கூட்டமும் ஓரளவு இருந்தது. சொந்த ஆட்டக்காரன் இல்லை. முதல் ஆண்டு தெற்கிலிருந்து இரவல், இரண்டாம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இரவல். இளைஞர் அணி வளர்த்து ஆள் எடுக்க ஐந்தாறு ஆண்டு வேண்டும்; கிளப்பே இருந்தது இரண்டு ஆண்டு.

கூடவே நேரமும் சதி செய்தது. 1995 ஆகஸ்டில், அதே பாரிஸில் கூடித்தான் ரக்பி யூனியன் நிர்வாகம் தன் ஆட்டத்தில் சம்பளம் கொடுப்பதை அனுமதித்தது. அதுவரை 'வெளிப்படையாகப் பணம் வேண்டுமா, லீகுக்கு வா' என்று யூனியன் ஆட்டக்காரரை இழுக்க முடிந்தது. பாரிஸ் அணி பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே அந்தத் துருப்புச்சீட்டு செல்லாக்காசாகிவிட்டது.

உலக கிளப் போட்டியிலும் ஆடினார்களாமே?

ஆம், 1997-ல். ஐரோப்பாவின் 12 அணிகளும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 10 அணிகளும் மோதிய போட்டி. ஐரோப்பிய அணிகள் பெரும்பாலும் நொறுங்கின. பெர்த் ரெட்ஸைத் தோற்கடித்தது பாரிஸுக்குக் கிடைத்த நல்ல நாள். அந்தப் போட்டியில் பாரிஸுக்கு அற்பாயுள் உறவினர்கள் இருந்தார்கள். பெர்த் 1997-உடன் முடிந்தது, அடிலெய்ட் ராம்ஸ் 1998-உடன். ஹன்டர் மரினர்ஸ் வாழ்ந்ததே ஒரு சீசன். அதில் இந்த உலகப் போட்டியின் இறுதிவரை போய்ப் பிரிஸ்பேன் பிராங்கோஸிடம் தோற்று, அதோடு மறைந்தது.

பாரிஸின் இடம் யாருக்குப் போயிற்று?

1998-ல் ஹல் ஷார்க்ஸும் ஹடர்ஸ்ஃபீல்டு ஜயன்ட்ஸும் சூப்பர் லீகுக்குள் வந்தன. ஓல்டாம் இறங்கியதும் பாரிஸ் விலகியதுமாக இரண்டு இடம் காலி. 1895-ல் லீக் பிறந்த ஊர் ஹடர்ஸ்ஃபீல்டு; சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது விரிவாக்கத் திட்டம்.

பழைய கணக்குகளைத் தேடும்போது எங்கே தவறு நேரும்?

முதல் தொல்லை பெயர். பி.எஸ்.ஜி. என்று மட்டும் தேடினால் கால்பந்துதான் கொட்டும். ஆண்டையும் சார்லெட்டியையும் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலப் பட்டியல்களில் வெறுமனே 'பாரிஸ்' என்று இருப்பதும் உண்டு.

1997-ல் லீக் ஆட்டம் 22 தனி, உலகப் போட்டி ஆட்டங்கள் தனி. இரண்டையும் கூட்டிவிட்டு '1997-ல் இத்தனை வெற்றி' என்று எழுதியிருப்பார்கள். 6 என்பது லீக் மட்டும்.

ஆங்கில ஆட்டக்காரரின் சொந்தக் கணக்கைப் பார்க்கும்போது இன்னொரு குழி. குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறுவதற்காக 1995 ஆகஸ்ட் முதல் 1996 ஜனவரிவரை ஒரு குறுஞ்சீசன் நடந்தது. அதை 1996-உடன் கலந்தால் எண்ணிக்கை உப்பும். அப்புறம், அந்த இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்தில் சாம்பியன் முடிவாகவில்லை. பட்டியலில் முதலிடம் பிடித்தவரே சாம்பியன். 1996-ல் செயின்ட் ஹெலன்ஸ், 1997-ல் பிராட்ஃபோர்டு. கிராண்ட் ஃபைனல் முறை வந்தது 1998-ல்.

அப்படியானால் சூப்பர் லீகின் இன்னொரு பிரெஞ்சு அணியான கட்டலான் டிராகன்ஸ் எப்படிப் பிழைத்தது?

பாரிஸ் செய்ததைத் தலைகீழாகச் செய்தார்கள். கூட்டம் எங்கே என்று தேடாமல், ஆட்டக்காரன் எங்கே என்று பார்த்து பெர்ப்பினியானில் கிளப் வைத்தார்கள். 2000-ல் பெர்ப்பினியானின் பழைய கிளப்பும் பக்கத்து ஊரான சான்-எஸ்தேவ் கிளப்பும் இணைந்தன. அந்த அடித்தளத்தின்மேல்தான் 2006-ல் சூப்பர் லீக் அணி வந்தது. முதல் மூன்று ஆண்டு கீழே இறக்கமாட்டோம் என்ற உறுதியும் கிடைத்தது. இளைஞரை நிதானமாக வளர்க்க அந்த அவகாசம் போதுமாக இருந்தது. ஆட்டக்காரருக்கு ஒரே முதலாளி, ஒரே காலண்டர். ஊர் அணி உள்நாட்டுப் போட்டியில் ஆடிக்கொண்டே மேலணிக்கு ஆள் கொடுத்தது. 2018-ல் வெம்பிளியில் வாரிங்டனை 20–14 என்று வென்று, ஆங்கில ரக்பி லீகின் நாக்-அவுட் கோப்பையான சேலஞ்ச் கோப்பையை எடுத்தார்கள். இங்கிலாந்துக்கு வெளியே அந்தக் கோப்பை போனது அதுவே முதல்முறை.

சார்லெட்டி மைதானம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. தடகளப் போட்டிகள் நடக்கின்றன. புறநகர் ரயில் பி தடத்தில் சித்தே யூனிவர்சித்தேர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்; வாசலிலேயே டிராமும் நிற்கும்.